ஓயாமல் குரைக்கும் நாய்: காரணம் தேடுவது முதல் சத்தம் குறைப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் நாம் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வாழ்கிறோம். ஒரு வீட்டுக் கார் போர்ச்சில் நாய் குரைத்தால் இந்தப் பக்கம் மூன்று வீட்டுக்கும் அந்தப் பக்கம் மூன்று வீட்டுக்கும் கேட்கும். பின் சந்து வழியாக அடுத்த லோரோங்குக்கும் (குறுக்குத் தெருவுக்கும்) போகும். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை எட்டு மணிக்குப் படுக்கிறவர் பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். புகார் செய்கிறவர்கள் எல்லோரும் நாயைப் பிடிக்காதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தாங்களே நாய் வளர்ப்பவர்கள்கூட அடுத்த வீட்டு நாயின் சத்தத்தில் நொந்துபோய்த்தான் இருக்கிறார்கள்.

இதற்கு நம் வீடுகளில் நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹாலில் உட்கார்ந்தபடியே "டேய், சும்மா இரு!" என்று ஓர் அதட்டல். வாசலில் நிற்கிற நாய்க்கு அது, வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து குரைப்பது போலத்தான் கேட்கும். இன்னும் வேகம் எடுக்கும். அது பலிக்காவிட்டால் சுருட்டிய பேப்பர். அதுவும் பலிக்காவிட்டால் "நாய்னா குரைக்கத்தான் செய்யும்" என்று கைகழுவிவிடுவது.

நாய் குரைக்கத்தான் செய்யும், சரி. ஆனால் மணிக்கணக்கில் நீளும் குரைப்பு, தினமும் அதே நேரத்தில் தொடங்கும் குரைப்பு, வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் வரும் குரைப்பு, இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒன்று தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. குரைத்ததால் நாய்க்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கிடைத்ததை நான் கூலி என்று சொல்வேன். கூலி கிடைக்கிற வேலையை நாய் விடாது. அந்தக் கூலியை நிறுத்த வேண்டும், அதே நாய்க்கு வேறு வேலை கொடுத்து அதற்குக் கூலி தர வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எடுத்த எடுப்பில் பயிற்சியில் இறங்க வேண்டாம். ஒரு பழைய பள்ளி நோட்டு போதும். நேரம், குரைப்பதற்கு முன் என்ன நடந்தது, எது நடந்ததும் நிறுத்தியது. மூன்றையும் குறியுங்கள். எல்லோரும் முதல் இரண்டை எழுதுவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். விஷயமே மூன்றாவதில்தான் இருக்கிறது.

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கத்துத் தெரு வீடு ஒன்றின் நோட்டு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலை 6.40: எதிர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வேன் ஏறினார்கள், வேன் போனதும் நிறுத்தியது. காலை 11.30: பார்சல் மோட்டார், அவன் போனதும் நிறுத்தியது. மாலை 5.30: தாத்தா தேத்தண்ணி குடிக்கிறார், பிஸ்கட் கொடுத்ததும் நிறுத்தியது. இரவு 2.15: பின் சந்து, காரணம் தெரியவில்லை, 20 நிமிடம்.

ஒரே நாய், ஒரே வாய். ஆனால் இருப்பது ஒரே பிரச்சினை அல்ல. வேனும் பார்சலும் ஒரு வகை, தாத்தாவின் பிஸ்கட் இன்னொரு வகை, இரவு இரண்டு மணி வேறொரு வகை. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றும் குணமாகாது.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தை எப்படி அறிவது? பழைய கைத்தொலைபேசியை அலமாரி மேல் வைத்துக் காணொளி பதிவு செய்யுங்கள், அல்லது மலிவு விலை வைஃபை கேமரா ஒன்று வாங்குங்கள். இது முக்கியம். "நான் இருக்கும்போது ஒரு சத்தமும் இல்லையே" என்று சாதிக்கிற வீட்டுக்காரர்கள் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நாய் குரைப்பது அவர்கள் போன பிறகு.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பீட்டர் பொங்ராட்ஸ், ஆடாம் மிக்லோஷி ஆகியோரின் குழு 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 'முடி' (Mudi) என்ற ஹங்கேரிய இன மேய்ப்பு நாய்கள் வெவ்வேறு சூழலில் குரைத்ததைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாய் வளர்க்காதவர்கள்கூட, அந்நியன் வந்தபோது குரைத்தது எது, தனியாகக் கட்டிவைத்தபோது குரைத்தது எது என்று ஓரளவு சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். அந்தக் காது உங்களுக்கும் இருக்கிறது. பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

கட்டைக் குரலில் இடைவெளியே விடாமல் குரைத்தால் 'கிட்டே வராதே'. மேல் குரலில், ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு நீண்டுகொண்டே போனால் தனிமை. உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு, காத்திருப்பு, மறுபடி ஒன்று என்றால் கேட்டு வாங்கும் குரைப்பு. துள்ளலோடு, உடம்பு தளர்ந்து, வால் வட்டமடித்தால் சந்தோஷம். குரலோடு உடம்பையும் பாருங்கள். வால் ஆடுகிறது என்பதற்காக நாய் நட்பாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விறைத்து, உயர்ந்து, குறுக்கி ஆடும் வால் எச்சரிக்கை.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கேட் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடிக்கும். அதைவிட மோசம், குரைத்ததற்கும் உறுமியதற்கும் அடி வாங்கி வாங்கி எச்சரிக்கையையே விட்டுவிட்ட நாய். அது சத்தமில்லாமல் கடிக்கும்.

இரண்டாம் படி: உடம்பைப் பார்த்துவிடுங்கள்

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று ஓயாமல் குரைக்க ஆரம்பித்தால் பயிற்சியாளரைத் தேடாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். காது வலி, மூட்டு வலி, பல், தோல் அரிப்பு எல்லாம் நாயைச் சிடுசிடுப்பாக்கும். நம் ஊர் வெப்பத்தில் உண்ணியும் காதுப் புண்ணும் சாதாரணம். பத்து வயதைத் தாண்டிய நாய் நள்ளிரவில் சுவரைப் பார்த்து நின்று குரைத்தால், காது மந்தமாகியிருக்கலாம், கண் மங்கியிருக்கலாம், அல்லது மனிதர்களுக்கு முதுமையில் மறதி நோய் வருவதுபோல் நாய்க்கும் வரும் அந்தக் கோளாறாக இருக்கலாம். திட்டிப் பயனில்லை. மருந்தும், இரவில் ஒரு சின்ன விளக்கும், பக்கத்தில் ஆள் படுப்பதும் உதவும்.

கருத்தடை செய்தால் குரைப்பு நின்றுவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பருவத்துக்கு வந்த பெட்டை நாயின் வாடை பிடித்து அலைந்து ஊளையிடும் ஆண் நாய்க்குப் பலன் தெரியும். கேட்டில் நின்று பார்சல்காரனைப் பார்த்துக் குரைப்பது அதனால் நிற்காது. ஆனாலும் தெருவில் குட்டிகள் பெருகாமல் இருக்கவே செய்யலாம். கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இதற்கென்றே கிளினிக் கெம்பிரி என்ற பெயரில் ஒரு மருத்துவமனை நடத்துகிறது.

மூன்றாம் படி: கேட் வாசல் சண்டை

நம் ஊர்ப் புகார்களில் பெரும்பங்கு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நாயின் கண்ணால் பாருங்கள். மோட்டார் வருகிறது. நாய் குரைக்கிறது. மோட்டார் போகிறது. பார்சல்காரன் தன் வேலை முடிந்து போகிறான் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. 'நான் விரட்டினேன், ஓடிவிட்டான்' என்று அது நினைக்கிறது. மறுநாளும் வருகிறான், மறுநாளும் 'ஓடுகிறான்'. தினமும் தவறாமல் வெற்றி. பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியில் 'சுராட் காபார் லாமா' என்று கத்திக்கொண்டு ஊர்ந்து போகும், அதுவும் போய்விடும். ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரும் போய்விடுவார். இப்படி நாள் முழுக்கக் கூலி கிடைக்கிற வேறு வேலை இந்த உலகத்தில் உண்டா?

ஆகவே முதலில் கூலி கிடைக்கும் இடத்தை மூடுங்கள். கம்பி கேட் வழியாகத் தெருவே தெரிகிறது என்றால், நாயின் தலை உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை மறையுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பச்சை வலையை இரட்டையாக மடித்துக் கட்டலாம், பாலிகார்பனேட் தகடு அடிக்கலாம், பூச்செடித் தொட்டிகளை நெருக்கமாக வைக்கலாம். காற்றோட்டம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மதிய வெயிலில் போர்ச் அடுப்பாகிவிடும். முடிந்தால் ஆள் நடமாட்டம் அதிகமான நேரத்தில் நாயை வீட்டுக்குள் அல்லது பின்கட்டில் வையுங்கள். 'காவலுக்குத்தானே நாய், அதை உள்ளே வைத்தால் எப்படி' என்பவர்களுக்கு: உள்ளே படுத்திருக்கும் நாய்க்கும் காது கேட்கும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை எட்டும். உண்மையான திருடன் வந்தால் அது சொல்லும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் குரைக்கும் நாயை யாரும் எழுந்து பார்ப்பதில்லை, திருடனுக்கும் அது தெரியும்.

மறைத்தது தற்காலிகம். இனிப் பயிற்சி. அவித்த கோழி நெஞ்சுக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேராத கோழி; வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், குழம்பில் இருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். நெத்திலி கொடுப்பதானால் உப்பு போக ஊறவைத்துக் கொடுங்கள்.

அமைதியான நேரத்தில், குசினியில் (சமையலறையில்) வைத்து, "போதும்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். சொன்ன கையோடு ஒரு துண்டு. நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, சில நாள். "போதும்" என்று கேட்டதுமே நாயின் தலை உங்கள் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். அது திரும்பும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, "என் நாய்க்கு இதெல்லாம் பலிக்காது" என்கிறார்கள். அர்த்தமே தெரியாத சொல்லைக் கேட்டில் நின்று கத்தினால் எந்த நாய்க்கும் பலிக்காது.

பிறகு லேசான சோதனை. வீட்டுப் பிள்ளை ஒருவன் வெளியே போய்க் கேட்டை மெதுவாகத் தட்டட்டும். நாய் இரண்டு மூன்று தடவை குரைக்கும். குரைக்கட்டும், அது அதன் கடமை. நீங்கள் நடந்து போய் அதன் பக்கத்தில் நின்று வெளியே பாருங்கள். "சரி, பார்த்துட்டேன். போதும்." தலை திரும்பியதும் கோழி. தலை திரும்பவில்லை என்றால் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். சோதனை கடினமாகிவிட்டது என்று அர்த்தம். நாயைக் கேட்டிலிருந்து பத்தடி பின்னால் கூட்டிப்போய் மறுபடி செய்யுங்கள்.

திரும்பியதும் தருவதிலிருந்து, திரும்பி ஒரு விநாடி வாயை மூடியிருந்தால் தருவதற்கு மாறுங்கள். பிறகு மூன்று விநாடி, ஐந்து, பத்து. சமர்த்து நாய்கள் இங்கே ஒரு வித்தை காட்டும்: 'குரைத்தால்தானே போதும் என்கிறார், போதும் என்றால்தானே கோழி' என்று கணக்குப் போட்டு வேண்டுமென்றே குரைக்கும். அதை முறியடிக்க, ஆளைப் பார்த்தும் குரைக்காமல் இருந்த தருணங்களுக்கு இன்னும் நல்ல கூலி கொடுங்கள். ஒருநாள் நாய் மோட்டார் சத்தம் கேட்டுக் காதை நிமிர்த்தும், வாயைத் திறக்காமல் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் கையில் இருப்பதை எல்லாம் அள்ளிக் கொடுங்கள்.

கடைசிக் கட்டம் மோட்டார். ஹெல்மெட் போட்ட நண்பர் ஒருவர் உதவ வேண்டும். முதல் நாள் லோரோங் முனையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றாலே போதும். நாய் அதைக் கவனிக்கிறது, ஆனால் குரைக்கவில்லை என்ற தூரத்தைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்துதான் ஆரம்பம். மோட்டார் தெரிந்தால் கோழி, மறைந்தால் கோழி நின்றுவிடும். சில நாளுக்கு ஒரு தடவை ஒரு வீடு நெருங்கி வரலாம். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே கேட் வாசலுக்கு வரச் சொன்னால் செய்த வேலை எல்லாம் பாழ்.

வெளியிலிருந்து பார்சல்காரர் பிஸ்கட் போடுவது நல்லதா? நாய் பயந்த சுபாவமாக இருந்தால் வேண்டாம். பிஸ்கட்டுக்காகக் கிட்டே வந்து, தின்று முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து கடித்த நாய்கள் உண்டு. நீங்களே கொடுங்கள்.

கேட்டு வாங்கும் குரைப்பு

தாத்தாவின் பிஸ்கட் கதை. இது எளிது, ஆனால் வீட்டில் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும். குரைத்தால் பிஸ்கட் இல்லை, பார்வை இல்லை, பேச்சும் இல்லை. "குரைக்காதே கண்ணு" என்பதும் கூலிதான். நாலு கால்களும் தரையில், வாய் மூடி இரண்டு விநாடி இருந்தால் உடனே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கூலி நின்ற முதல் சில நாள் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை பலித்தது பலிக்காதபோது எந்த உயிரும் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். சத்தம் உச்சத்தில் இருக்கும் அந்த மூன்றாம் நாளில்தான் தாத்தா மனமிரங்கி, "பாவம்டா, ஒண்ணே ஒண்ணு" என்பார். அத்தோடு நாய் கற்றுக்கொள்வது: இவ்வளவு நேரம், இவ்வளவு சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும். நாயைப் பழக்குவதைவிடத் தாத்தாவைப் பழக்குவது கஷ்டம் என்பது என் எண்ணம். தாத்தா தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் நாய்க்குப் பின்கட்டில் வேறு ஏதாவது கடிக்கக் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் நிம்மதி.

ஆள் இல்லாத வீடு

கோலாலம்பூரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஜாமுக்குப் பயந்து ஆறரைக்கே காரை எடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளி, பிறகு டியூஷன். இரவு ஏழரைக்கு வீடு திரும்பும்வரை நாய் தனியாக. இதில் இரண்டு வகை நாய்கள் இருக்கின்றன, கேமரா இல்லாமல் பிரிக்க முடியாது.

முதல் வகை சலிப்பு. நீங்கள் போனதும் தூங்கும். பத்து மணிக்கு எழுந்து பூனை, அணில், இலை என்று எதையாவது பார்த்துக் குரைக்கும், நிறுத்தும், மறுபடி தூங்கும். இதற்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும். விடியவே ஏழு மணி ஆகிற ஊர் இது; இருட்டோடு இருட்டாக அரை மணி நேரம் நடத்துங்கள், மோந்து பார்க்க விட்டு நடத்துங்கள். இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட மோப்பம் பிடிப்பது நாயைக் களைப்பாக்கும். காலைத் தீனியைத் தட்டில் கொட்டாதீர்கள். பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள், தோட்டத்துப் புல்லில் இறைத்துவிடுங்கள், ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்து உறையவைத்துக் கொடுங்கள். இந்த வெப்பத்துக்கு உறைந்த தீனி பெரிய வரம்.

இரண்டாம் வகை பிரிவுப் பதற்றம். கேட் சாத்திய சில நிமிடத்திலேயே ஆரம்பிக்கும். மேல் குரலில் குரைப்பு, நடுவே ஊளை, நடை, எச்சில் ஒழுகல், கதவைப் பிராண்டல். கோழியே வைத்துவிட்டுப் போனாலும் தொடாது. இது அடம் இல்லை, பயம். இதற்குக் கூலிக் கணக்கு செல்லாது. நீங்கள் இல்லாமல் இருப்பதே நாய்க்குத் தாங்கவில்லை.

இங்கே செய்ய வேண்டியது, பிரிவைப் பொடிப்பொடியாக நறுக்கித் தருவது. முதலில் அறிகுறிகளைச் சாகடியுங்கள்: சாவியை எடுங்கள், மறுபடி மாட்டுங்கள், சப்பாத்து போடுங்கள், உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். சாவிச் சத்தம் கேட்டால் ஆள் போகப் போகிறார் என்ற கணக்கு உடைய வேண்டும். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து விநாடி, உள்ளே வந்து ஒன்றும் நடக்காததுபோல் இருங்கள். பத்து விநாடி. முப்பது. ஒரு நிமிடம். கேமராவில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். நாய் பதறுவதற்கு முன் திரும்பி வர வேண்டும், பதறிய பிறகு வந்தால் பயன் இல்லை. எப்போதும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் நடுவில் சுலபமான ஒன்றையும் போடுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டுவதுதான் மலை, அதன் பிறகு வேகமாக ஏறும்.

இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை முழு நாள் தனியாக விட்டால் காலையில் கட்டியது மாலையில் இடிந்துவிடும். அம்மா வீட்டில் விடலாம், ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அங்கிள் பார்த்துக்கொள்வாரா என்று கேட்கலாம், நாய்க் காப்பகத்தில் விடலாம். முற்றிய நிலையில் மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டினோ க்ளோமிப்ரமினோ எழுதித் தருவார். அதைக் கேட்டு மிரள வேண்டாம், பயிற்சி உள்ளே இறங்க அது உதவும். வீட்டில் இருக்கும் மனிதத் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா? சலிப்பு என்றால் சில சமயம் உதவும். பதற்றம் என்றால், அது ஏங்குவது உங்களுக்காக. பிறகு இரண்டு நாய் குரைக்கும்.

இரவு, இடி, பட்டாசு

நள்ளிரவுக் குரைப்புக்கு மிகச் சுலபமான தீர்வு, நாயை உள்ளே படுக்கவைப்பது. பின் சந்தில் எலி, பூனை, முசாங் (மரநாய்), குப்பைத் தொட்டியைக் கிளறும் தெரு நாய் என்று இரவு முழுக்கப் போக்குவரத்து உண்டு. ஒன்று குரைத்தால் வரிசையாக எல்லாம் பதில் கொடுக்கும். குசினியில் விரிப்பு, ஒரு மேசைக்காற்றாடி. காற்றாடியின் ஒரே சீரான சத்தம் வெளிச் சத்தத்தை மழுக்கும். நாய் ஊளையிட்டால் யாருக்கோ சாவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் சைரனோ தூரத்து நாயின் குரலோ போதும், ஊளைக்கு.

நீட்டி ஒலிக்கும் எந்த ஓசைக்கும் சில நாய்கள் ஊளையில் பதில் சொல்லும். பாங்கு ஓசைக்கும் அப்படித்தான், கோயில் நாதஸ்வரத்துக்கும் அப்படித்தான். பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தால் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாயை உள்ளே அழைத்து உறைந்த தீனியைக் கொடுத்துவிடுங்கள். நேரம் முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்பதால் இதைப்போல் சுலபமாகச் சமாளிக்கக்கூடியது வேறில்லை. அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

கோலாலம்பூர் இடிக்குப் பேர்போன ஊர். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலானால் இடிக்கத் தொடங்கிவிடும். பயந்த நாயைத் தட்டிக் கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். வளராது. தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். சன்னல் இல்லாத அறை, மாடிப்படிக்குக் கீழ் மூலை என்று நாயே தேர்ந்தெடுத்த இடத்தில் விடுங்கள். வானம் வெளுத்திருக்கும் நாட்களில் இடிச் சத்தப் பதிவை மிக மெல்லிய ஒலியில் போட்டுச் சாப்பாடு கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்டலாம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். பினாங்கில் புத்தாண்டு நாளைவிட ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவு வெடி பலமாக இருக்கும், ஹொக்கியன் சீனர்களின் விண்ணரசர் வழிபாடு அது. அன்று இரவு நாயைப் போர்ச்சில் கட்டிப்போட்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

பினாங்கின் ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா மலையடி வீடுகளில் தொல்லை குரங்கு. இதற்குப் பயிற்சி என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். குரங்கைப் பார்த்துக் குரைக்காத நாயை எதிர்பார்ப்பது அநியாயம். குப்பைத் தொட்டிக்குப் பூட்டு, மரத்தில் பழுத்த பழத்தைப் பறித்துவிடுவது, நாய் உள்ளே. அவ்வளவுதான்.

வாங்கக் கூடாதவை, செய்யக் கூடாதவை

இணையக் கடைகளில் மின்னதிர்ச்சிக் கழுத்துப் பட்டை மலிவாகக் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டில் 2010லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளை ஒன்று கேட்டைக் கடக்கும்போது நாய் குரைத்து அதிர்ச்சி வாங்கினால், தன் குரைப்பால் வலித்தது என்று அது நினைக்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். பிள்ளைகளைப் பார்த்தால் வலிக்கும் என்று அது நினைத்துவிட்டால்? வாய்க்கட்டு போட்டுப் போர்ச்சில் விடுவது இன்னும் ஆபத்து. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. இறுக்கமான வாய்க்கட்டோடு மதிய வெயிலில் விட்டால் செத்துப்போகும். குரல் நாணை அறுக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே வேண்டாம், பயமும் சலிப்பும் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் கரகரப்பாகும்.

அடித்தும் பட்டினி போட்டும் அடக்குகிறவர்கள் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பக்கத்து வீட்டாரும் சட்டமும்

பயிற்சி பலன் தர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அக்கம்பக்கத்தார் பொறுக்க வேண்டும், ஆகவே அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நீங்கள் போய்ப் பேசிவிடுங்கள். "ஆன்ட்டி, நாங்க வேலைக்குப் போன பிறகு நாய் குரைக்குதுன்னு தெரியும். பழக்கிக்கிட்டு இருக்கோம். எத்தனை மணிக்கு ரொம்பத் தொந்தரவா இருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போட முடியுமா?" இப்படிக் கேட்டால் இரண்டு லாபம். உங்கள் நோட்டுக்கு நம்பகமான தகவல் கிடைக்கும், ஆன்ட்டிக்கும் தன் பேச்சுக்கு மதிப்பிருப்பது தெரியும்.

நீங்கள் சத்தத்தால் அவதிப்படும் பக்கமாக இருந்தால், இரவு இரண்டு மணிக்குப் போய்க் கேட்டை ஆட்டாதீர்கள். ஒரு வாரம் நேரத்தைக் குறித்து, தொலைபேசியில் பதிவு செய்து, பகலில் போய்ப் போட்டுக் காட்டுங்கள். தாங்கள் இல்லாதபோது நடப்பது அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். பேசியும் பலனில்லை என்றால் தாமான் குடியிருப்போர் சங்கம், பிறகு ஊராட்சி மன்றம்: கோலாலம்பூரில் மாநகர் மன்றம், பினாங்குத் தீவில் எம்பிபிபி என்ற மாநகர் மன்றம், பினாங்கின் பெருநிலப் பகுதியில் எம்பிஎஸ்பி என்ற மாநகர் மன்றம். பதிவும் நேரக் குறிப்பும் இருந்தால் புகாருக்குக் கனம் கூடும்.

நாய்க்கு ஊராட்சி மன்ற லைசென்ஸ் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எந்த வகை வீட்டுக்கு எத்தனை நாய் என்ற வரம்பு மன்றத்துக்கு மன்றம் மாறும், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டோவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் விலங்கை வீட்டில் வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. நிர்வாகம் எழுத்தில் அறிவிப்பு கொடுத்தால் மூன்று நாளுக்குள் விலங்கை அகற்ற வேண்டும். எனவே நிர்வாக அலுவலகத்தில் இருந்து முதல் வாய்மொழிப் புகார் வந்த அன்றே கேமராவை மாட்டுங்கள், அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், பயிற்சி தொடங்கியதைத் தேதியோடு அவர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். அறிவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு மூன்று நாளில் எந்த நாயையும் பழக்க முடியாது.